பாட்டனார் பெற்ற பதக்கம்

பழைய பொருள்களைப் பேணும் பழக்கம் நம் மக்களிடம் குறைவு என்று கூறுவார் உண்டு. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களைப் பொறுத்தவரையில் அது முழு உண்மை அன்று. பேணுவதற்கு அவர்களிடம் பொருள்கள் குறைவாக இருந்தன என்பதே உண்மை. இருந்த ஒன்றிரண்டை அவர்கள் கண்ணினும் மேலாகக் காத்தார்கள். கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த தகரப்பெட்டி, அதனுள் ஒரு மஞ்சள் துணி முடிச்சு, அம்முடிச்சினுள் ஒரு தாலிக்குண்டோ பழைய வெள்ளிக்காசோ. இவ்வளவே பல குடும்பங்களின் ஆவணக் காப்பகம். எங்கள் வீட்டு முடிச்சில் இருந்தது ஒரு பதக்கம்.

என் பாட்டனாரைத் தோட்டத்தில் எல்லாரும் ‘பசராத் தாத்தா’ என்றே அழைத்தனர். வட ஆர்க்காட்டு மாவட்டத்தில், பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் அவர். முதல் உலகப் போரின்போது மெசபொத்தாமியா சென்று திரும்பியவர். பின்னர் 1927ஆம் ஆண்டில் கங்காணி ஒருவரோடு சென்னையில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கில் இறங்கிப் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவத் தொடங்கினார். 1961இல் அவர் மறைந்தபோது எனக்கு வயது எட்டு.

தீபாவளியன்று காலையில்தான் அப்பதக்கம் வெளியே வரும். பாட்டியார் புளியும் சாம்பலும் இட்டு அதைத் தேய்ப்பார். அது பூசையறைக் குத்துவிளக்கைப்போலப் பளபளக்கும். எண்ணெய் முழுக்காடி, வெளுத்த சட்டையின் இடப்பக்கத்தில் அதனைக் குத்திக்கொண்டு பாட்டனார் வாசற்பலகையில் அமர்ந்திருப்பார். பதக்கத்தின் ஒரு பக்கத்தில் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபக்கத்தில் குதிரைமீது அமர்ந்த ஆடையற்ற வீரன் ஒருவன். குதிரையின் காலடியில் ஒரு கேடயமும் மண்டையோடும். 1914, 1918 என்னும் ஆண்டுகள். அவ்வீரன் கிறித்தவ மறவரான புனித ஜார்ஜ் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அந்நாளில் எங்கள் பாட்டியார், “மதுரைவீரன்டா, கும்பிட்டுக்கோ” என்பார். நாங்களும் கும்பிட்டோம்.

போரைப்பற்றிப் பாட்டனார் மிகுதியாகப் பேசியதில்லை. கடல்போல் அகன்ற ஆறு, ஆற்றின் இருகரையிலும் கண்ணுக்கெட்டியவரை பேரீச்சமரங்கள், அடுப்பின்முன் நிற்பதுபோன்ற வெயில் ஆகிய இம்மூன்றைப்பற்றியே பேசுவார். “எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?” என்று நாங்கள் கேட்போம். “நான் யாரையும் சுடலை, என்னைத்தான் வெயில் சுட்டது” என்று கூறிச் சிரிப்பார். அதை அவருடைய அடக்கம் என்றே நாங்கள் எண்ணினோம்.

நான் வளர்ந்து, பயிற்சி பெற்று, தமிழ்ப்பள்ளி ஆசிரியனானேன். மாணவர்க்கு ஊக்கமூட்ட வேண்டிய வேளைகளில் பாட்டனாரைத் துணைக்கு அழைப்பது என் வழக்கமாயிற்று. “என் பாட்டனார் துப்பாக்கி ஏந்திப் பாலைவனத்தில் போரிட்டவர். நாம் பால்மரத்தடியில் பிறந்தவர்கள் ஆனாலும் வீரக்குடியில் வந்தவர்கள்” என்று முழங்குவேன். முதலில் அவரைச் சிப்பாய் என்றே குறிப்பிட்டேன். சில ஆண்டுகளில் என் பேச்சில் அவர் அவில்தார் ஆனார். மேடைக்கு மேடை நானே அவருக்குப் பதவி உயர்வு அளித்து வந்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மாணவர்கள் கைதட்டினார்கள். என் தந்தையார் ஒருமுறை அப்பேச்சைக் கேட்க நேர்ந்தது. அவர் மட்டும் கைதட்டவில்லை, தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அதற்கான காரணம் எனக்கு விளங்க முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

பணி ஓய்வு பெற்றபின், 2022ஆம் ஆண்டில், நான்காம் படிவத்தில் பயின்றுகொண்டிருந்த என் பேத்தி வரலாற்றுப் பாடத்திற்காகக் குடும்ப வரலாறு ஒன்றை எழுத முற்பட்டாள். பதக்கத்தைக் கேட்டாள், முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, “தாத்தா, முதல் உலகப் போரில் இருந்தவர்களுக்கு மூன்று பதக்கங்கள் கொடுத்திருக்கிறார்கள். நம்மிடம் ஒன்றுதானே இருக்கிறது? மற்ற இரண்டும் எங்கே?” என்றாள்.

அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. இருவரும் தேடத் தொடங்கினோம். தேடத் தேட, மேடையில் நான் பேசிவந்த செய்திகளில் எனக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பது புலனாயிற்று.

பேத்தி கூறிய மூன்றில் முதலாவது, 1914-15ஆம் ஆண்டின் விண்மீன் பதக்கம். 1915ஆம் ஆண்டு முடிவதற்குள் போர்க்களத்தை அடைந்தவர்க்கே அது உரியது. இரண்டாவது, பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். இது 1919ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் ஏற்படுத்தப்பட்டது. மூன்றாவது, சிறகுடைய பெண்ணுருவம் பொறித்த வெற்றிப் பதக்கம். எங்களிடம் இருந்ததோ குதிரைவீரன் பொறித்தது; எனவே அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். “பாக்தாத்து பிடிபட்ட பிறகுதான் போனேன்” என்று பாட்டனார் சொல்லக் கேட்டதாக என் அத்தை கூறினார். பாக்தாத்து நகரம் வீழ்ந்தது 1917ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள். ஆகவே விண்மீன் பதக்கத்திற்கு அவர் உரியவர் அல்லர் என்பது உறுதியாயிற்று. இன்னொன்றும் தெரிந்தது. முதல் உலகப் போர்ப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு இப்போது எவருக்கும் வழங்குவதில்லை. எங்கள் குடும்பத்துக்கு ஏதேனும் உரிமை இருந்திருப்பினும் அதைக் கேட்டுப்பெறும் வாயில் மூடிவிட்டது.

“பரவாயில்லை தாத்தா, இருக்கிற ஒன்றைப்பற்றியே எழுதுகிறேன்” என்று சொன்ன பேத்தி, அடுத்து ஒரு வினா எழுப்பினாள். “பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது என்று எழுதியிருக்கிறார்களே, நம்முடையது வெள்ளியாகத் தெரியவில்லையே?”

வாழ்நாள் முழுவதும் கண்முன் இருந்த ஒன்றை நான் ஒருமுறையும் எண்ணிப்பார்த்ததில்லை. புளியிட்டுத் தேய்த்தால் வெள்ளி வெண்மையாக ஒளிருமே அன்றிக் குத்துவிளக்கின் நிறம் கொள்ளாது. எங்கள் பதக்கம் வெண்கலம்.

போலியோ என்று முதலில் அஞ்சினேன். அஃது அன்று. அப்பதக்கம் ஏறத்தாழ 65 இலட்சம் பேருக்கு வெள்ளியிலும், ஏறத்தாழ 1,10,000 பேருக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டிருக்கிறது. அரசரின் தலை ஒன்றே, குதிரைவீரனும் ஒருவனே, உலோகம் மட்டும் வேறு. வெண்கலம் பெற்றவர்கள் பெரும்பாலும் சீன, இந்திய, மால்ட்டாத் தொழிற்படைகளைச் சேர்ந்தவர்கள். சுமை தூக்கியவர்கள், மண் வெட்டியவர்கள், சாலையும் இருப்புப்பாதையும் இட்டவர்கள் இவர்கள். துப்பாக்கி ஏந்தியவனுக்கு வெள்ளி; மண்வெட்டி ஏந்தியவனுக்கு வெண்கலம். இது தவறுதலால் நேர்ந்தது அன்று, விதியாகவே வகுக்கப்பட்டது.

பாட்டனார் சொன்ன மறுமொழி அப்போதுதான் என் செவியில் மீண்டும் ஒலித்தது. அவர் யாரையும் சுட்டதில்லை. அஃது அடக்கம் அன்று, உண்மை.

இப்பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறிப்பது மரபு. எங்கள் பதக்கத்தின் விளிம்போ வழவழப்பாக இருந்தது. ஆண்டாண்டுகாலம் தேய்த்ததனால் எழுத்துகள் மறைந்தன என்று கருதினேன். ஆனால் அரசரின் தலையைச் சுற்றியிருந்த எழுத்துகள் தெளிவாக நின்றனவே! பாட்டியாரின் கை விளிம்பை மட்டுமா தேய்த்திருக்கும்? கண்ணாடி வில்லையைக் கொண்டு நோக்கினேன். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் ஓடின. அவை சாம்பலால் ஆனவை அல்ல, அரத்தால் ஆனவை. யாரோ வேண்டுமென்றே அராவியிருக்கிறார்கள்.

சிறுவர்கள் காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படமெடுப்பார்களே, அவ்வாறே மெல்லிய தாளை விளிம்பில் சுற்றித் தேய்த்தேன். எண்ணில் முதல் இலக்கமும் ஈற்றிலக்கமும் நிழல்போல் தெரிந்தன. இடையிலுள்ளவை இல்லை. பெயர் இருந்த இடம் முற்றும் வெறுமையாக இருந்தது. கடைசியில் தொழிற்படையைக் குறிக்கும் முதலெழுத்துகள் என்று கொள்ளத்தக்க இரண்டு கோடுகள் தெரிந்தன. எண்ணுக்கும் பெயருக்கும் இடையே, பதவி பொறிக்கும் இடத்தில், அரம் சற்று வழுக்கிய பள்ளத்தில், ஒரு சொல் தப்பி நின்றது. ஆங்கில எழுத்தில் இருந்த அச்சொல்லைப் படிக்க எனக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. ‘கூலி’ என்பதே அச்சொல்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதவேண்டும். பேத்தி பக்கத்து அறையில் இருந்தாள். “ஏதாவது தெரிகிறதா தாத்தா?” என்று கேட்டாள். “ஒன்றும் தெரியவில்லையம்மா; எல்லாம் தேய்ந்துவிட்டது” என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்கு வாய்மை கற்பித்த வாய் அவ்வாறு கூறிற்று.

மறுவாரம் அத்தையைக் காணச் சென்றேன். எண்பத்தாறு வயதிலும் நினைவு மங்காதவர். தாளைக் காட்டினேன். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உங்கப்பாதான், தம்பி” என்றார்.

1955ஆம் ஆண்டு. அத்தையைப் பெண்பார்க்கப் பட்டணத்திலிருந்து வந்திருந்தார்கள். பாட்டனார் பதக்கம் அணிந்து வாசலில் வரவேற்றிருக்கிறார். வந்தவர்களுள் ஆங்கிலம் கற்றவர் ஒருவர் இருந்தார். பதக்கத்தை வாங்கிப் பார்த்தார், விளிம்பைத் திருப்பினார், உரக்கப் படித்தார். “பட்டாளத்துக்காரர் என்றீர்கள், இதில் கூலி என்றல்லவா போட்டிருக்கிறது?” என்று சொல்லிச் சிரித்தாராம். கூடியிருந்தோரும் சிரித்தனர். திருமணம் அதனால் தடைப்படவில்லை. ஆனால் என் தந்தையாரின் உள்ளத்தில் ஏதோ ஒன்று முறிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. தோட்டத்து ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பணியில் சேர்ந்து, தோட்டத்து இளைஞர்களுள் முன்னேறியவர் என்று பெயரெடுத்திருந்த காலம்.

“அண்ணன் அன்னைக்கு ராத்திரி சோறு திங்கலை. ஆலையிலேருந்து அரத்தைக் கொண்டாந்து விளக்கடியில உக்காந்து ராவுனாரு. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. அப்பா வெளியே கட்டில்ல படுத்திருந்தாரு. தூங்கலை. எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு.”

“தாத்தா ஒன்றும் சொல்லவில்லையா?”

“காலையில கையில வாங்கிப் பார்த்தாரு. ‘நான் செஞ்ச வேலைக்குப் பேருடா அது. திட்டுன்னு நெனச்சிட்டியே’ன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் அதைப்பத்தி ரெண்டு பேரும் பேசலை.”

என் தந்தையாரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. கூலி என்னும் சொல்லை அவர் அகராதியில் கற்றவர் அல்லர். இருள் பிரியாத வேளையில் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, பெயருக்கு மாற்றாக அச்சொல்லால் அழைக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர். தம் பிள்ளைகளை அச்சொல்லிலிருந்து மீட்கவேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் நோன்பு. நான் ஆசிரியனானது அந்நோன்பின் பயன். அவர் அராவியது தந்தையின் பெயரை அன்று. தம் தலைமேல் கிடந்த ஓர் இழிவை. ஆனால் இழிவை நீக்கப்போன அரம் எண்ணையும் பெயரையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பதக்க அட்டைகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் படையினர்க்கு உரியவை. பஞ்சாபு மாநிலத்துப் போர்வீரர்களின் பதிவேடுகள் இலாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்தன. ஏறத்தாழ 3,20,000 பேரைக் குறிக்கும் அவ்வேடுகள் கணினியேற்றப்பட்டு, 2021ஆம் ஆண்டு முதல் பேரப்பிள்ளைகள் ஊர்வாரியாகத் தேடும் வகையில் வெளிவரத் தொடங்கின. என் பாட்டனாரின் ஊர் பஞ்சாபில் இல்லை; பாலாற்றங்கரையில் இருக்கிறது. எங்களுக்கு இருந்த ஒரே பதிவேடு அந்த விளிம்புதான்.

அதன்பின் நான் படித்தவை பாட்டனாரைக் குறித்த என் எண்ணத்தையே மாற்றின. முதல் உலகப் போருக்காக இந்தியாவில் சேர்க்கப்பட்ட போர்வீரர்கள் ஏறத்தாழ 8,77,000 பேர். போரிடாப் பணியாளர்கள் ஏறத்தாழ 5,63,000 பேர். ஐவரில் இருவர் ஆயுதம் ஏந்தாதவர்கள். வரலாற்றறிஞர் ராதிகா சிங்கா இவர்களைப்பற்றி ஒரு நூலே எழுதி 2020இல் வெளியிட்டிருக்கிறார். அந்நூலின் தலைப்பிலேயே கூலி என்னும் சொல் இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை, முன்னிறுத்தினார்.

மெசபொத்தாமியாப் போரில் இவர்கள் செய்த பணி எத்தகையது? 1914ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படை பசராவைக் கைப்பற்றியபோது அங்கே பெருங்கப்பல்கள் அணையத்தக்க துறைமேடை இல்லை. கப்பல்கள் நடு ஆற்றில் நிற்க, சரக்குகளை நாட்டுப்படகுகளில் இறக்கிக் கரைசேர்க்க வேண்டியிருந்தது. உள்நாட்டில் சாலைகளும் இல்லை. ஆற்றில் செலுத்தப் போதிய படகுகளும் இல்லை. குத்து என்னும் ஊரில் முற்றுகைக்குள்ளான படையை மீட்க இயலாமல், 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அப்படை பட்டினியால் பணிந்தது. அத்தோல்வியை ஆராய்ந்து 1917இல் அறிக்கை அளித்த மெசபொத்தாமிய ஆணைக்குழு, போக்குவரத்துக் குறையையும் மருத்துவச் சீர்கேட்டையும் வன்மையாகக் கண்டித்தது. வீரம் குறைந்ததனால் அன்று, படகும் பாதையும் துறைமேடையும் குறைந்ததனால் வந்த தோல்வி அது. அதன்பிறகே துறைமேடைகள் எழுந்தன, இருப்புப்பாதைகள் நீண்டன, வெள்ளத்தைத் தடுக்கும் கரைகள் உயர்ந்தன. பாக்தாத்து வெற்றிக்கு முதுகு கொடுத்தவர்கள் அவற்றை அமைத்த கைகளுக்கு உரியவர்களே. என் பாட்டனார் சென்றது அவ்வெற்றிக்குப் பின்னர். பிடித்த நாட்டில் படை நிலைகொள்ள வேண்டிய காலம் அது. வெயில் அவரைச் சுட்டது அங்கேதான்.

2023ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் பேத்தியோடு வேலூருக்குச் சென்றேன். இன்னும் அவளிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. நகரின் கடைவீதியில் பழைய மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. அதில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இவ்வூரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் துறந்தனர் என்றும் அக்கல் ஆங்கிலத்தில் கூறுகிறது. தலைக்குமேல் மணி அடிக்க, கீழே வண்டிகளும் மனிதர்களும் நெருக்கியடித்துக்கொண்டு போயினர். அண்ணாந்து பார்த்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

“பெயர்கள் எங்கே தாத்தா?” என்று பேத்தி கேட்டாள்.

பெயர்கள் இல்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு. பசராவிலும் இதே நிலைதான். 1929இல் திறக்கப்பட்ட பசரா நினைவுச்சின்னம் அப்போர்க்களத்தில் மாண்டு, கல்லறையும் இல்லாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கு உரியது. பிரிட்டிஷ் படையினர் அனைவரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டன. மற்ற இந்தியர்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதனை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோருள் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்று கண்டு, அதற்காக வருத்தமும் தெரிவித்தது.

அக்கல்லின்கீழ் நின்றபோது என் உள்ளத்தில் ஒன்று உறுத்திற்று. பேரரசு என் பாட்டனார் போன்றோரின் பெயர்களைக் கல்லில் பொறிக்கவில்லை என்று இன்று நாம் வருந்துகிறோம். ஆனால் அதே பேரரசு அவருடைய பெயரை ஒரு வெண்கல விளிம்பில் பொறித்து அனுப்பியும் இருந்தது. அதை அழித்தவர்கள் நாங்கள். என் தந்தையார் அரத்தால் அழித்தார். நான் நாவால் அழித்தேன். அவரைச் சிப்பாயாக்கி, அவில்தாராக்கி, அவர் செய்யாத வேலையை அவர்மேல் ஏற்றி, அவர் செய்த வேலையை மறைத்தேன். என் தந்தையார் அன்று அவையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தது ஏன் என்பது அக்கல்லின்கீழேதான் எனக்கு விளங்கியது. தம் அரம் தொடங்கிய வேலையை மகன் முடித்துக்கொண்டிருந்ததை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்துப் பேத்தியின் கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் பொய் கூறியதையும் சொன்னேன். அவள் தாளை விரித்துப் படித்தாள். அவள் முகத்தில் நான் அஞ்சிய வெட்கம் தோன்றவில்லை. “இது நம்முடைய சொல்தானே தாத்தா?” என்றாள்.

ஆம், நம்முடைய சொல்தான். ஆங்கிலத்தில் வழங்கும் அச்சொல் தமிழிலிருந்து சென்றது என்பாரும், குசராத்துப் பகுதியின் கோலி இனத்தார் பெயரிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். ஆய்வு எதுவாயினும் ஆகுக. தமிழில் கூலி என்பது ஆளைக் குறிக்கும் முன்னர் ஊதியத்தைக் குறித்தது. உழைப்புக்கு உரிய பயன் அது. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கிறார். தெய்வத்தால் ஆகாதபோதும் உடல் வருந்திய முயற்சி தனக்குரிய பயனைத் தந்தே தீரும் என்பது அக்குறளின் கருத்து. அதை எத்தனை முறை நான் கரும்பலகையில் எழுதிப் பொருள் விளக்கியிருப்பேன்! அக்குறளில் உள்ள சொல்லும் விளிம்பில் உள்ள சொல்லும் ஒன்றே என்று என் மனம் ஒருநாளும் இணைத்துப் பார்த்ததில்லை. பெற்ற ஊதியத்தின் பெயரை உழைத்தவனின் பெயராக்கி, அப்பெயரை வசவாக்கியவர்கள் பிறர். அவ்வசவை உண்மையென்று நம்பியது நம் பிழை. என் பாட்டனார் அதை நம்பவில்லை. “நான் செஞ்ச வேலைக்குப் பேருடா அது” என்று அவர் கூறியது எழுத்தறியாத ஒருவர் சொன்ன சொற்பொருள் விளக்கம்.

அவ்விரவு விடுதியில் மற்றொரு நினைவும் வந்தது. பாட்டனாரின் மூத்த மகன், என் பெரியப்பா, சப்பானியர் காலத்தில் சயாம் இரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுள் நம் தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர். தந்தை ஒரு போருக்கு இருப்புப்பாதையும் கரையும் அமைக்கப் போய் ஒரு வெண்கல வில்லையோடு திரும்பினார். மகன் மற்றொரு போருக்கு இருப்புப்பாதை அமைக்கப் போய்த் திரும்பவே இல்லை. அவருக்கு வெண்கலமும் இல்லை; விளிம்பும் இல்லை. அந்த வில்லையை அராவிய அரத்தைக் கையில் எடுத்தபோது, என் தந்தையார் தம் அண்ணனையும் நினைத்திருப்பாரோ? அதைக் கேட்பதற்கு இன்று அவர் இல்லை.

பேத்தி தன் கட்டுரையை எழுதி முடித்தாள். அதில் அவள் எழுதிய செய்திகள் சிலவே. தன் முப்பாட்டனார் மெசபொத்தாமியாவில் தொழிற்படையில் பணிபுரிந்தார், பதவி, கூலி, பெற்றது, வெண்கலத்தாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், அதற்கு அவர் முழு உரிமை உடையவர், படை எண் அழிந்துவிட்டது. இவ்வளவே. அதன்கீழ், பதக்கத்தில் இல்லாமற்போன அவருடைய முழுப்பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள். அந்த இடத்தில் நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலும் ஏதேனும் ஒன்று இருக்கலாம். கப்பல் சீட்டோ, பிரட்டுச் சீட்டோ, பழைய அடையாள அட்டையோ, வில்லையோ, எதுவாயினும் அதில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படியெடுத்து வையுங்கள். அச்சொல் உங்களுக்கு உவப்பாக இல்லாவிடினும் திருத்தாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கூறும் விடையை உயர்த்தவும் வேண்டா, தாழ்த்தவும் வேண்டா.

இப்போது தீபாவளியன்று அப்பதக்கத்தைத் தேய்ப்பவன் நான். புளியும் சாம்பலும் இடுகிறேன். அரசரின் தலையையும் குதிரைவீரனையும் தேய்க்கிறேன். விளிம்பில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இன்னும் ஒரு சொல் இருக்கிறது.